ஏழாம் எண் கிடங்கின் வாடகைக்காரர்

கணினியைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது, இன்ஸ்பெக்டர். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். புதியதைக் கண்டு கிழவன் மிரண்டுவிட்டான் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

என் பெயர் ஆதிநாராயணன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி எங்களுக்கு ஏழு கிடங்குகள் இருக்கின்றன. நெல் விளைந்த நிலம். தொழிற்சாலைகள் வந்த பிறகு என் அப்பா கிடங்கு கட்டினார். எதில் யார் இருக்கிறார்கள், யார் எப்போது காலி செய்வார்கள் என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. இந்த 2007 சித்திரையில் மாப்பிள்ளை வரதன் லேப்டாப்போடு வந்து சேர்ந்தார். என் ஒரே மகள் தமிழ்செல்வியின் கணவர். கிடங்கு, கடை, அலுவலகக் கட்டடம் இவற்றை அலசுவதற்கென்றே செய்த மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது.

அதன் பயனை நான் மறைக்க மாட்டேன். எளாவூர் சோதனைச் சாவடியில் நிற்கும் லாரிகளால் எங்கள் கிடங்குகளுக்கு எந்த நேரத்தில் சரக்கு தாமதமாகிறது என்றுகூடச் சொன்னது. ஆள் இருக்கும் கிடங்கு பச்சைக் கட்டம், காலியாக இருப்பது சிவப்பு. ஆறு பச்சை. ஏழாவது, பதினான்கு மாதமாகச் சிவப்பு.

"வாசல் கேட்தான் மாமா பிரச்சனை. ட்ரெயிலர் உள்ள திரும்பாது. தூணை இடிச்சு நாலடி தள்ளிக் கட்டுங்க, ஒரே மாசத்துல ஆள் வந்துடும்" என்றார் மாப்பிள்ளை.

சரியான யோசனைதான். ஆனால் அந்தத் தூணில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. அப்பா பெயர்மேல் கடப்பாரை போடும் குடும்பம் இல்லை எங்களுடையது.

அந்த நேரம் பார்த்துப் பழவேற்காட்டு வியாபாரி அப்துல் ஜப்பார் வந்துவிட்டார். அவருக்கும் கிடங்குகள் உண்டு. திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, ஏழுல ஒண்ணு செவப்பா கீது? மொளகா காய வெச்சிக்கினியா?"

மாப்பிள்ளையும் சிரித்தார். என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

ஜப்பார் போன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானம் சொன்னார். "இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குறீங்களே மாமா. ஒரு பேர் போட்டா பச்சை ஆயிடும். பாருங்க, என் பேரையே போடறேன்." தட்டினார். வாடகைக்காரர்: வரதன். கட்டம் பச்சையானது.

இங்கேதான் நீங்கள் என் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தின் பேரில் ஒரு பொய் எழுத்து இதுவரை நின்றதில்லை. அழிக்கச் சொல்லியிருக்கலாம். அழித்தால் மறுபடி சிவப்பு. எனவே எழுதியதை உண்மையாக்குவதுதான் முறை.

மறுநாள் வியாழக்கிழமை. கூரை உயரம் அளக்க வேண்டும் என்று அவரை ஏழாம் எண்ணுக்கு அழைத்துப் போனேன். எங்கள் பக்கத்தில் எல்லாக் கிடங்குக்கும் பதினொரு மாத அக்ரிமென்ட்தான்; பன்னிரண்டானால் பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டும். உள்ளே கிடந்த பழைய மேசைமேல் முத்திரைத்தாளை விரித்தேன். "சரியான ஆளு மாமா நீங்க" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவருடைய செல்போனை மேசைமேலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஷட்டரை இறக்கினேன்.

"மாமா, வெளாட்டு போதும். தொறங்க" என்றார். மூன்றாம் நாள், "அந்தக் கட்டத்தை நானே அழிச்சிடறேன் மாமா, சத்தியமா" என்றார். கையெழுத்துப் போட்டவர் பேசும் பேச்சா அது? எனக்கு வருத்தமாக இருந்தது.

மாப்பிள்ளையைப் பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஷட்டருக்கு அடியில் மூன்று விரல் இடைவெளி இருக்கிறது. அதில் நுழைவதையெல்லாம் கொடுத்தோம். தோசை, அடை, போளி. தண்ணீரைத் தட்டில் ஊற்றித் தள்ளினோம். பாதி தரையில் சிந்திவிடும், கத்திரி வெயிலில் உடனே காய்ந்தும்விடும். பாயசம் மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதில் சமைத்துக் கொடுத்த என் மனைவி குணசுந்தரிக்குக் குறைதான். மாப்பிள்ளைக்கு எங்கே அனுப்புகிறோம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சென்னையிலிருந்து தமிழ்செல்வி போன் செய்தபோது, "கிடங்கு வேலையாக இருக்கிறார்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

உங்களிடம் ஓடி வந்த காவலாளி சின்னராசு முதலில் என்னிடம்தான் கேட்டான்.

"உள்ள யாருங்கய்யா?"

"வாடகைக்காரர்."

"வாடகைக்காரரு ஏங்கய்யா அழுவுறாரு?"

"அழாத வாடகைக்காரரை நீ பார்த்திருக்கிறாயா?"



இன்று திங்கட்கிழமை, பன்னிரண்டாவது நாள். உங்கள் ஆட்கள் ஷட்டரை அறுக்கப் போயிருப்பதாகச் சொல்கிறீர்கள். தவறு. அக்ரிமென்ட் முடிய இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. வாடகைக்காரரைக் கேட்காமல் உரிமையாளனான நானே உள்ளே போக முடியாது, நீங்கள் எப்படிப் போவீர்கள்? பூட்டியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் கஷ்டப்படுகிறார் என்று எழுதாதீர்கள். முதல் வாரம் முழுக்க ஷட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து தட்டவில்லை. வைத்த இலையும் வைத்தபடி கிடக்கிறது.

இடம் பழகிவிட்டது என்று நினைக்கிறேன்.