நடுவில் அம்மாவின் முகம்

— அட்டைப் பெட்டி வாங்கிட்டு வரதுக்குள்ள என்ன தனத் இது? பதினோரு பேர்ல ஒருத்தரையும் காணோம். அஞ்சு மணிக்கு பாங்காக் லாரி வந்து நிக்கும். இப்பவே மணி பதினொண்ணு.

— வர மாட்டாங்கக்கா. விடிஞ்சதும் புவாலாய் அத்தை வீட்டுக்குப் போனேன். கதவைக்கூடத் திறக்கல, உள்ள இருந்தே பேசினாங்க.

— கூலி ஏத்திக் கேக்கறாங்களா?

— கூலி இல்ல. அந்தப் படம்.

— எந்தப் படம்?

— நேத்து நீ சுவத்துல பெரிய தாளை ஒட்டி வரைஞ்சியே, மைண்ட் மேப்பு. அதான்.

— அட போடா. ரெண்டு நாள் பாங்காக்ல உக்காந்து கத்துக்கிட்டு வந்தேன். நடுவுல பிரச்சினைக்கு ஒரு படம். சுத்திக் கிளை கிளையா காரணம். கிளை முனையில அதைப் பாத்துக்கப் போற ஆளோட பேரு. சின்னப் புள்ளைங்க வரையறது மாதிரி. இதுல பயப்பட என்ன இருக்கு?

— நடுவுல எதை ஒட்டின?

— நம்ம பாக்கெட் லேபிளை. நாம பொரிச்சு அனுப்பற அரிசி வில்லை கடைக்குப் போறதுக்குள்ள நமத்துப் போகுது, அதானே பிரச்சினை? அதான் வில்லையோட லேபிளை ஒட்டினேன்.

— லேபிள்ல வில்லை எங்கக்கா இருக்கு? அம்மா மூஞ்சிதானே இருக்கு.

— இருக்கட்டுமே. அதுதானே நம்ம அடையாளம்.

— அம்மாவை எரிச்சு இன்னும் நூறு நாள் ஆகலக்கா. அன்னைக்கு சவப்பெட்டியிலேர்ந்து வெள்ளை நூலை இழுத்து பிக்குங்க கையில குடுத்தாங்களே, அதை எல்லாரும் பாத்துட்டுதானே இருந்தாங்க? நேத்து நீ அம்மா மூஞ்சியிலேர்ந்து கோடு கோடா இழுத்து ஒவ்வொருத்தர் பேருலயும் கொண்டுபோய் முடிச்ச. அரிசிக்கு அத்தை. எண்ணெய்க்கு சோம்சக்கும் அவன் பொண்டாட்டியும். அதுலயும் எண்ணெய்க் கிளை பூரா சிவப்பு மை.

— ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறம்னு சொல்லிக்குடுத்தாங்க.

— சிவப்புல பேரை எங்க எழுதுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும். சவப்பெட்டி மேல. அந்த நேரத்துல தோணலடா. பச்சை மார்க்கர் காஞ்சு போச்சு, கையில சிவப்பு இருந்துச்சு, எழுதிட்டேன்.

— சோம்சக் பொண்டாட்டி ராத்திரி பூரா தூங்கலையாம். கோயில்ல போய்க் கையில காப்பு நூல் கட்டிக்கிட்டு வந்திருக்கா.

— சரி, விஷயத்துக்கு வா. தப்பு என் மேலதான். பூவும் ஊதுவத்தியும் எடுத்துக்கிட்டு வீடு வீடா போய் மன்னிப்புக் கேக்கறேன். தாளைக் கிழிச்சுட்டேன்னு சொல்றேன். போதுமா?

— கிழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நேத்து நாம பூட்டிட்டுப் போன பிறகு நீ திரும்பி வந்தியா?

— இல்ல. ஏன்?

— நேத்து எத்தனை கிளை போட்ட?

— எட்டு.

— எண்ணிப் பாரு.

— ஆறு, ஏழு, எட்டு... இது என்ன, கீழ? இதை நான் போடல. நீயா போட்ட?

— நீதான் போட்டேன்னு நினைச்சேன். சிவப்பு மார்க்கர் உன் பையில இருக்கு.

— பை கார்ல. கார் சாவி என் தலைமாட்டுல. விளையாடாதே தனத்.

— எழுத்தைப் பாருக்கா. போகப் போக மேல ஏறுது.

— பல பேரு எழுத்து ஏறும்.

— சந்தைக்கு எழுதிக் குடுக்கற சீட்டுல அம்மா எழுத்து இப்படித்தான் ஏறும். நீதான் கிண்டல் பண்ணுவ, தாளை விட்டே ஓடிடும்னு.

— என்ன எழுதியிருக்கு? வடக்குச்... வடக்குச் சுவரு. வடக்குச் சுவருக்கு என்ன?

— நீ அடிச்ச தகரம்தான். அம்மா போன மறு வாரம், தூசி வருதுன்னு காயப்போடற கொட்டகைக்கு வடக்கால அடிச்சியே.

— தூசியைத் தடுக்க அடிச்சேன். அதுல என்ன தப்பு?

— நானும் அப்படித்தான் நினைச்சேன். காலையில இதைப் பாத்துட்டு, போனாப் போவுதுன்னு நாலு தகரத்தைப் பிரிச்சேன். ஆத்துப் பக்கத்துக் காத்து உள்ள வந்துச்சு பாரு, தட்டெல்லாம் சலசலன்னுது. அந்த ஈடுல கொஞ்சம் எடுத்துப் பொரிச்சேன். இந்தா. முதல்ல நேத்து பொரிச்சதைக் கடி. அப்புறம் இதை.

— நேத்துது சவசவன்னு இருக்கு. இது... தனத், இது கண்ணாடி மாதிரி உடையுதுடா. அம்மா போடற வில்லை மாதிரியே இருக்கு.

— ம்.

— ரெண்டு மாசமா அரிசியை மாத்தி, எண்ணெயை மாத்தி, பையை மாத்தி, பைத்தியக்காரி மாதிரி அலைஞ்சேன். கடைசியில காத்து வராம ஈரம் தங்கினதுதான் காரணம். நான் சொல்லல, வரைஞ்சு பாத்தா விடை தானா வரும்னு?

— தானா வரலக்கா. யாரோ எழுதினாங்க. அந்தக் கிளை முனையைப் பாத்தியா?

— பாத்தேன். 'நிம்'. என் பேருதான். சுவத்தைக் கட்டினவ நான், பிரிக்க வேண்டியவளும் நான். சரியாத்தானே எழுதியிருக்கு.

— சிவப்புல எழுதியிருக்கு.

— தனத்.

— இன்னைக்கு நீ கொட்டகைப் பக்கம் போகாதே. சியாங்மாய்க்குச் சித்தி வீட்டுக்குப் போயிடு. நூறாம் நாள் சடங்குக்கு இன்னும் பத்தொம்பது நாள்தான். அது முடிஞ்சதும் வா.

— லாரியை யாரு அனுப்புவா? ரெண்டு ஈடு திரும்பி வந்தாச்சு. இதுவும் போச்சுன்னா அந்தக் கடைக்காரன் நம்ம மூஞ்சியில முழிக்க மாட்டான். பதினோரு குடும்பம் இதை நம்பி இருக்கு. அம்மா முப்பது வருஷம் புகையில நின்ன அடுப்பு இது. என்னைப் போய் சித்தி வீட்டுல ஒளிஞ்சுக்கங்கறியா?

— எனக்குப் பயமா இருக்குக்கா.

— அம்மாடா அது. பெத்த பொண்ணை என்ன பண்ணிடுவாங்க?

— கெட்டது நினைக்க மாட்டாங்க. கூட ஒரு ஆளு இருந்தா நல்லாயிருக்கும்னு நினைப்பாங்க, அவ்வளவுதான். அவங்க என்னைக்குத் தனியா இருந்தாங்க? பொரிக்கறப்பகூடப் பக்கத்துல ஆளு வேணும்.

— போதும். நகரு. மீதித் தகரத்தை நானே பிரிக்கறேன்.

— இரு. இருக்கா. முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வரேன். ஒரு நிமிஷம். நீ இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

— சரி, போ. சீக்கிரம் வா.

— வந்துட்டேன்.

— இதுவா ஒரு நிமிஷம்? அரை மணி ஆச்சு. உன் கையை ஏன் இப்படி வெச்சிருக்க, குடு. ஐயோ, என்னடா இவ்வளவு ஜில்லுன்னு?

— நிழல்ல நின்னேன்.

— இந்த வெயில்லயா? சரி, அங்க பாரு, வாசல்ல. புவாலாய் அத்தை வண்டி. பின்னாடியே சோம்சக். எல்லாரும் வராங்கடா. நீ கூப்பிட்டியா?

— போன் பண்ணேன். இனிமே அந்தத் தாளுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னேன்.

— அதை நம்பிட்டாங்களா? நான் ஊதுவத்தியோட போய் நின்னாக்கூட நம்பியிருக்க மாட்டாங்க. கெட்டிக்காரன்தான் நீ. தாளைக் கிழிச்சுடட்டுமா?

— கிழி. இனிமே அது வெறும் தாளு.

— தனத், அத்தை ஏன் அழுதுகிட்டே வராங்க?

— அவங்க கேட்டாங்க. நான் சொல்லிட்டேன்.

— என்ன கேட்டாங்க? ஏய், அவங்க உன்னைக் கும்பிடறாங்கடா. உன்னைவிட நாப்பது வயசு பெரியவங்க. வயசுல பெரியவங்க உன்னை ஏன் முதல்ல கும்பிடறாங்க?

— விடுக்கா. அடுப்பைப் பத்தவைக்கச் சொல்லு. நேரம் ஆவுது.

— நான் கொட்டகைக்குப் போறேன்.

— தாராளமா போ.

— அரை மணி முன்னாடி காலைப் பிடிக்காத குறையா போகாதேன்ன. இப்ப மட்டும் போகலாமா? அங்க போய் என்னடா பண்ணின?

— நான் ஒண்ணும் பண்ணலக்கா. கதவுகிட்டப் போனதும் அம்மா உள்ளேர்ந்து "நிம், நிம்"னு உன்னைக் கூப்பிட்டாங்க. அக்காவுக்கு நிறைய வேலை இருக்கு, அவளுக்குப் பதிலா நான் வரேம்மான்னேன். சரின்னுட்டாங்க.