இரும்புக் காதில் வைத்த பொட்டு

கடையில் விற்கிற சந்தனத்தூள் இரும்பில் ஒட்டாது, ஐயா. கட்டை வாங்கிக் கல்லில் இழைத்தால்தான் பிடிக்கும், காய்ந்தாலும் உதிராது. ஆயுத பூஜை வந்தால் எங்கள் பட்டறையில் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைக்கிறவன் நான்தான். அருணகிரி வைத்தால் அழகாக இருக்கும் என்று முதலாளியே சொல்வார்.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு உருக்குகிற பட்டறை அது. எனக்குக் கேஸ் நெருப்பு வைத்து இரும்பு வெட்டுகிற வேலை. யுத்தத்தில் பறந்த விமானங்களை ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்து போடுவார்கள், நான் வெட்டுவேன். விமானம் என்றால் எனக்கு உயிர், சிரிக்காதீர்கள். பழவேற்காட்டில் அப்பாவோடு படகில் இருக்கும்போது தலைக்கு மேலே தாழப் பறந்துபோன சத்தம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அதே ஜாதி இறக்கையில்தான் நான் நெருப்பை வைக்க வேண்டும். வெட்டுகிற அன்றைக்கு எனக்கு நாஷ்டா இறங்காது.

எழுபத்தொன்றில் ஒரு டைகர் மாத் வந்தது. பைலட்டுகள் பழகுவதற்காக யுத்த காலத்தில் செய்த சின்ன விமானம். இரண்டடுக்கு இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று முதலாளியின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். பறக்க வைத்துக் காட்டினால் பெங்களூரில் வாங்க ஆள் இருக்கிறது, இல்லாவிட்டால் வெட்டு என்றார்.

விமானப்படையில் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆசீர்வாதம் சாரைத் திருவள்ளூரில் தேடிப் பிடித்தேன். எங்கள் பட்டறை மெக்கானிக் ஆதிகேசவன் அண்ணன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டார். இறக்கைக்குப் போர்த்துகிற துணியை என் பெண்சாதி செல்வி தைத்தாள். ஊசி குத்திக் குத்தி விரலெல்லாம் புண். "மொத ரவுண்டு ஒனக்குத்தாம்மா, முன் சீட்டு ஒன்னுது" என்று ஆசீர்வாதம் சார் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்பதே எங்களுக்குக் கிடையாது. கடைசியில் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. எழுபத்து நாலு ஆயுத பூஜைக்குப் பெங்களூர்க்காரர் வருகிறார், அன்றைக்குப் பறக்காவிட்டால் மறுநாளே வெட்டு என்றார். யார் கையால் வெட்டு? என் கையால்.

சோழவரத்தில் கார் பந்தயம் விடுகிற பழைய யுத்தகால ஓடுபாதை இருக்கிறதே, அங்கே லாரியில் கொண்டுபோய் இறக்கையைப் பூட்டினோம். இறக்கையை உடம்போடு பிடித்து நிறுத்துவது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிற இரும்புக் காது, நடுவில் ஓட்டை போட்ட தடித்த பட்டை. பூஜைக்கு முந்தின மாலை எல்லாரும் போன பிறகு நான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆதிகேசவன் அண்ணன் செய்கிற மாதிரி, காதில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசினேன். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். தெரிந்தது. இடது பக்கம், மயிரிழைதான்.

அதைச் சொன்னால் விமானம் நின்றுவிடும். புதுக் காது பம்பாயிலிருந்து வர மாசக்கணக்காகும். கீறல் விட்ட இரும்பு வருஷக்கணக்கில் தாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ரவுண்டுதானே, தாங்கும் என்று மனசார நம்பினேன்.

விடிந்ததும் சந்தனம் இழைத்தேன். எஞ்சினுக்கு, சக்கரத்துக்கு, நாலு இறக்கைக்கும் வைத்தேன். இடது காதுக்குக் கொஞ்சம் பெரிய பொட்டு, நடுவில் குங்குமம்.

ஆதிகேசவன் அண்ணன் சாக்பீஸ் தூளோடு வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இடது பக்கம் வந்தவர் பொட்டைப் பார்த்து நின்றார். பூஜையன்று வைத்த பொட்டை எவன் துடைப்பான்?

"இங்க பாத்துட்டியா நைனா?"

"பாத்துட்டேண்ணா. பாத்துட்டுத்தான் பொட்டே வச்சேன்."

விரலால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார். இதில் நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செல்வி எங்கே என்று ஆசீர்வாதம் சார் கேட்டார். காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்றேன். அப்படியானால் நீ ஏறு என்றார். உள்ளே உட்கார்ந்தால் அது பறப்பதை நான் எப்படிப் பார்ப்பது என்றேன். சிரித்தார். "இவன் ஒரு பைத்தியம், நீங்க வாங்க" என்று ஆதிகேசவன் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சக்கரம் உருண்டது. எழும்பியது, ஐயா. என்னவென்று சொல்வேன், செல்வி தைத்த துணி வெயிலில் மஞ்சளாக மின்னியது. நான் தேம்பி அழுதேன். ஏரிப் பக்கம் போய்த் திரும்புகிறபோது இடது இறக்கை மடங்கியது.

ஓடிப் போனவர்கள் இரண்டு பேரையும் பிணமாகத்தான் தூக்கினார்கள். நான் காதைத் தேடினேன். இரண்டாகப் பிளந்து கிடந்தது. பாதிப் பொட்டு அதில் அப்படியே இருந்தது. யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து மறுநாள் உலையில் போட்டுவிட்டேன்.

ஆதிகேசவன் சரியாகப் பார்க்காமல் விட்டான், பைலட்டைச் சாகடித்தான் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். அவர் பெண்சாதி சின்னப்பொண்ணு இப்போது எங்கள் பட்டறையில்தான் இரும்பு பொறுக்குகிறாள். மற்ற பொம்பளைகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. போன வாரம் என்னிடம் வந்து நின்றாள்.

"அவரு கண்ணுக்கு ஒரு மயிரிழை தப்பாதேண்ணா. அன்னிக்கி மட்டும் எப்டி உட்டாரு? நீ கூடவே இருந்தியே, சொல்லேன்."

அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த மனுஷன்மேல் தப்பு இல்லை. என்மேலும் கெட்ட எண்ணம் இல்லை. தாங்கும் என்றுதான் நம்பினேன், கடைசி நிமிஷம் வரைக்கும் நம்பினேன். இதை எந்தக் கோவிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. செல்விக்கு அன்றைக்குக் காய்ச்சல் இல்லை. புதுப்புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றவளை உள்ளே தள்ளி, வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.