ஒல்லாந்தக்காரன்ர புகைச் சொசேஜ்

ரதிதேவி: கிட்ட வாங்கோ. வாயை ஊதுங்கோ.

தியாகலிங்கம்: என்னப்பா இது... கட்டின பெண்சாதிக்கு வாசல்ல நிண்டு ஊதிக் காட்டோணுமே? சப்பாத்தையாவது கழட்ட விடும்.

ரதிதேவி: ஊதுங்கோ எண்டுறன்.

தியாகலிங்கம்: ஃபூ... போதுமே? குடிக்கேல்லை. சிகரெட்டும் இல்லை.

ரதிதேவி: அது தெரியும். சேர்ட் புகை மணக்குது. சீஸ் வெட்டிச் சுத்துற ஆளுக்கு எங்கயிருந்து புகை?

தியாகலிங்கம்: கடைக்குப் பின்னால புகைக்கூடு இருக்கு. ஒல்லாந்தக்காரன் அதுக்குள்ள சொசேஜைத் தொங்கவிட்டுப் புகை போடுறவன். காத்துக்கு முன்னுக்கு வரும்...

ரதிதேவி: ஒல்லாந்தன் எங்கட ஊரில கோட்டையெல்லே கட்டினவன்?

தியாகலிங்கம்: இஞ்ச பண்டிக்குடல் கட்டுறான்.

ரதிதேவி: பகிடி விடாதேங்கோ! பண்டியோ, மாடோ?

தியாகலிங்கம்: பண்டிதான். கொழுப்போட அரைச்சு, உப்பு, வெள்ளை மிளகு, சாதிக்காய், மல்லி எல்லாம் போட்டுக் குடலுக்குள்ள அடைக்கிறது. ரெண்டு நுனியையும் சேர்த்துக் கட்டினால் லாடம் மாதிரி வளைஞ்சு நிக்கும். பிறகு மனுக்கா எண்டு இந்த நாட்டு மரம், அதின்ர தூளில புகை போட்டு...

ரதிதேவி: சீஸ் வெட்டுற ஆளுக்கு மல்லி வரைக்கும் தெரியுது.

தியாகலிங்கம்: அவங்கள் கதைக்கேக்க காதில விழும்தானே.

ரதிதேவி: ம்... அதை எப்பிடித் தின்னுறவை?

தியாகலிங்கம்: சுடுதண்ணியில போட்டு வைக்கிறது. கொதிக்க விட்டால் வெடிச்சுப் போகும். உருளைக்கிழங்கைக் கீரையோட மசிச்சு, அதுக்கு மேல இதை வளைச்சு வைச்சு, அரைச்ச கடுகில தொட்டு... கடிச்சால் தோல் டக்கெண்டு உடைஞ்சு, உள்ளுக்கு...

ரதிதேவி: உள்ளுக்கு?

தியாகலிங்கம்: ...எண்டு சொன்னவை.

ரதிதேவி: ஆர் சொன்னது?

தியாகலிங்கம்: ஒல்லாந்தக்காரன்ர மனிசி.

ரதிதேவி: என்ர தம்பி குலசிங்கம் கொழும்பில பொலிசுக்குப் பயந்து லொட்ஜுக்குள்ள ஒளிச்சுக் கிடக்கிறான். அவன் இஞ்ச வந்து இறங்குமட்டும் ரெண்டுபேரும் மச்சம் மாமிசம் தொடுறேல்லை எண்டு முருகனுக்கு நேந்தனாங்கள். கற்பூரத்துக்கு மேல கை வைச்சது ஆர்?

தியாகலிங்கம்: நான்தான்... நீரும்தான்.

ரதிதேவி: இப்ப சொல்லுங்கோ. தொட்டனீங்களோ?

தியாகலிங்கம்: சத்தியமா இல்லை.

ரதிதேவி: வெள்ளிக்கிழமை நான் பஸ் எடுத்து வந்தனான்.

தியாகலிங்கம்: எங்க?

ரதிதேவி: உங்கட கடைக்கு. பின்கதவு திறந்து கிடந்தது. வெள்ளை ஏப்ரனோட நிண்டு, ஒரு துண்டை வெட்டி வாயில வைச்சு, கண்ணை மூடிக்கொண்டு... வெள்ளிக்கிழமையப்பா!

தியாகலிங்கம்: ரதி...

ரதிதேவி: அண்டையிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை. போன் அடிச்சால் நெஞ்சு பதறுது. அவனைப் பிடிச்சுக்கொண்டு போனால்... உங்கட நாக்காலதான்!

தியாகலிங்கம்: அப்பிடிக் கதைக்காதையும். கண்ணை மூடினது ருசியில இல்லை. முருகனிட்ட மன்னிப்புக் கேட்டனான்.

ரதிதேவி: ஒவ்வொரு கடிக்கும் கேட்டனீங்களோ?

தியாகலிங்கம்: ஓம். ஒவ்வொரு நாளும். புகைக்கூட்டில நிக்கிறவன் திண்டுபாத்துத்தான் உப்பு சரி, புகை சரி எண்டு சொல்லோணும். அதுதான் அந்த வேலை.

ரதிதேவி: உங்கட வேலை சீஸ் எண்டெல்லோ சொன்னனீங்கள்?

தியாகலிங்கம்: சீஸ்தான். புகைக்கூட்டு வேலை... உம்மட தம்பிக்கு.

ரதிதேவி: என்ன?

தியாகலிங்கம்: ஒல்லாந்தக்காரன் இண்டைக்கு இமிகிரேசனுக்கு நேர போய், அவனுக்கு வேலை குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவன். விசா கிடைக்குமாம்.

ரதிதேவி: முருகா... முருகா... நில்லுங்கோ! அவன் பிறந்ததிலயிருந்து முட்டையும் தொடாதவன். பண்டியை எப்பிடி வாயில வைப்பான்? விசாவே வேண்டாமெண்டு லொட்ஜிலயே கிடந்திடுவானப்பா!

தியாகலிங்கம்: அவன் வைக்கத் தேவையில்லை. அவன் புகை போடட்டும், அவனுக்காக நான் திண்டுபாக்கிறன் எண்டு ஒல்லாந்தக்காரனிட்டக் கேட்டனான். உனக்கு ருசி பிடிபட்டால் சரி எண்டவன். அதைப் பழகத்தான் இவ்வளவு நாளும் திண்டனான்.