இலைக்கு ஒன்பது, கல்லுக்கு இரண்டு

எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குள் குரல் எடுபடாது ஐயா. மேலிருந்து கூப்பிட்டால் சுவர்களில் மோதி, அடியில் நிற்பவர் காதில் வெறும் இரைச்சலாகத்தான் விழும். அதனால் எருக்கிலை போடுவது வழக்கம். சோறு இறக்கும் முன் ஓர் இலையைக் கயிற்றை ஒட்டி விடுவோம். அதைக் கண்டதும் உள்ளே இருப்பவர் பாறைப் பொந்திலிருந்து வெளியே வந்து கயிற்றுக்கு நேர் கீழே நிற்பார்.

எண்பத்து மூன்றில் மல்லசமுத்திரம் பக்கமெல்லாம் கிணறுகள் வற்றிவிட்டன. எங்களுடையதை அறுபதடிக்கு ஆழப்படுத்தினோம். உள்ளே வெட்டியவர்கள் இருவர். என் தாய்மாமா செங்கோட்டையன், பண்ணையாள் சடையன். தை மாதம் மாமாவுக்கும் எனக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அவ்வளவாகப் பேச வராது.

வாழப்பாடியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலைக்கு எனக்கு உத்தரவு வந்தது. மாமா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"எம்பொண்டாட்டி ஊரான் ஊட்டுப் புள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போவோணுமாக்கும்?"

அப்படியே அடுப்பில் வைத்தார். கோபமே இல்லாமல்தான் வைத்தார். மறுநாள் எனக்குப் பூ வாங்கி வந்தார்.

கல்லூரியில், காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாயில் காசும் இறகும் ஒன்றாக விழுவதைக் காட்டினார்கள். கிணற்றில் காற்று இருக்கிறது. மூன்று நாள் எண்ணிப் பார்த்தேன். இலை அடியைத் தொட ஒன்பது விநாடி. கல்லைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, கணக்கே சொல்லும். இரண்டு விநாடி. சிறியதானாலும் பெரியதானாலும் ஏறக்குறைய அதேதான். எடைக்கு வழியில் வேலை இல்லை, அடியில்தான்.

"ஏங்கண்ணு, பி.எஸ்சி. படிச்சது எலை உழுவுறத எண்ணறதுக்கா?" என்று மாமா கேலி செய்தார்.

இலையை விட்டு, ஏழு எண்ணிக் கல்லை விட்டால் இரண்டும் சேர்ந்து போய்விடும். மாமாவின் சோற்றுத் தூக்குப்போசியைச் சடையன் தொடக் கூடாது. ஆகவே முதல் இலைக்கு மாமாதான் வருவார். சடையனின் கூழ் பிறகுதான் இறங்கும்.

அன்று மேலே வேலை செய்தவர்கள் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள். வெட்டியெடுத்த கற்குவியலிலிருந்து இரு கையும் நிறைய ஒரு கல்லை எடுத்து விளிம்பில் வைத்துக்கொண்டு, இலையை விட்டேன்.

ஐந்து எண்ணும்போது ஆள் வெளியே வந்தது. தலையில் சிவப்புத் துண்டு. மாமா துண்டு கட்டுவதில்லை. காலையில் கல் தெறித்து மாமாவின் கால் வீங்கிவிட்டதாம், அதனால் வேறு வழியில்லாமல் சடையனை அனுப்பியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். சடையன் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னான். விளங்கவில்லை.

ஆறு. இன்னும் ஒரு விநாடி இருந்தது. யோசிக்க அது போதும். யார் செத்தாலும் சாவுதான், கிணற்றில் சாவு விழுந்த வருடம் வீட்டில் மேளம் கொட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். ஏழு. கையை எடுத்தேன்.

குவியலிலிருந்து கல் சரிந்துவிட்டது என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். சடையனின் மனைவி சின்னாயி நான் கிணற்று விளிம்பை விட்டு நகராததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க பயந்துக்காதீங்க சாமி" என்றாள்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். நான் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"பண்ணையாளு செத்ததுக்கு ஆராச்சும் முகூர்த்தத்த நிறுத்துவாங்களா கண்ணு?"

தையில் கல்யாணம் நடந்தது. என் கணக்குத் தவறியது அங்கேதான். காற்றைச் சேர்த்துக்கொண்டேன், எங்கள் வீட்டைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து நானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். அந்த வீட்டிலிருந்து வெளியே வர எனக்கு வேறு வழி தெரியவில்லை. சடையனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். சின்னாயியிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். சடையன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. அவள் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.