“எதுக்கு இந்தப் பணம்?” என்று கேட்ட காசாளர் அம்மையாருக்கு

கடல் கடந்து வந்த காசைக் கை பிசகாமல் எண்ணிக் கொடுத்த காசாளர் அம்மையே! கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடியே கடைத்தெருவின் கதையெல்லாம் கறந்தெடுத்த திறமைசாலியே! வணக்கம்.

இவ்வங்கிக் கிளையில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறுகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து கணவரோ மகனோ அனுப்பிய பணத்தை வாங்க வந்த எவரையும், “எதுக்கும்மா இந்தப் பணம்?” என்று கேட்காமல் அனுப்பியதில்லை. விதிப்புத்தகத்தில் அப்படியொரு கேள்வியே இல்லை என்று மேலாளர் தலையிலடித்துக்கொண்டார். உங்களைச் சொல்வானேன்! பதிலைக் கேட்க நாங்களும் பேனாவைக் கீழே வைத்தோம்.

அந்தப் பணத்தால் பிள்ளைகள் படித்தார்கள். மருந்துக்கடைப் பாக்கி தீர்ந்தது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. ஆனால் தெருவில் வேலை மட்டும் முளைக்கவில்லை. படித்த பிள்ளையும் விமானம்தான் ஏறினான். “மேல்மாடியில யாரு குடியிருக்கப் போறா, பல்லியா? அந்தக் காசை ஒரு தொழில்ல போடுடி” என்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் வெல்டரின் மனைவியைக் கடிந்துகொண்டீர்கள். அவரும் போட்டார். வெல்டிங் பட்டறை எழுந்தது, உள்ளூர் ஆட்கள் இருவருக்கு வேலை கிடைத்தது.

வினையும் அங்கேதான் பிறந்தது. பட்டறை வளர வெல்டர் வரவேண்டும். அவர் வந்தால் மாதப்பணம் நின்றுவிடும். பட்டறை வருமானமோ வீட்டுச் செலவில் பாதிக்குத்தான் காணும். இன்று மாலைக்குள் அவர் அங்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் பெட்டி கட்ட வேண்டும்.

நேற்று அவர் மனைவி வந்தார். “அக்கா, அவரை வரச் சொல்லவா, வேணாமா? நீங்கதானே இழுத்துவிட்டீங்க!”

நீங்கள் கைப்பையைத் திறந்தீர்கள்.

“வரச் சொல்லு. முதல் வேலை என் வீட்டு வாசலுக்கு இரும்பு கேட்டு. முன்பணம் இப்பவே தரேன்.”

“ஒரு கேட்டை வச்சு எத்தனை நாள்க்கா சாப்பிடறது?”

நியாயமான கேள்வி. முன்பணத்தைத் தொடாமலே போய்விட்டார். கணவரிடம் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கே தெரியாதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அவருக்கு இந்த வழியனுப்பு விழாவில் முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறோம். அவர் கைபேசி ஒலித்தால் வாசிப்பை நிறுத்துவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நோயின்றி, நொடிப்பின்றி, நூறாண்டு வாழ்க! இன்றிரவு மட்டுமாவது நிம்மதியாகத் தூங்குக!

வழக்கமாக இத்தகைய மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருவார்கள். நாங்கள் சுருட்டித் தருகிறோம். இதற்கு இரும்புச் சட்டம் செய்ய அந்தப் பட்டறையில் சொல்லியாயிற்று. வெல்டர் வந்துதான் பற்றவைக்க வேண்டும்.

இங்ஙனம்,
அடுத்த மேசைகளிலிருந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த
கிளை ஊழியர்கள்