கறுப்பு வெள்ளைச் சீலை

கிளிநொச்சி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மா. முள்ளியவளையில் நடக்கவிருக்கும் மகளின் கலியாணத்துக்கு வீடியோ எடுக்கப்போகும் பெடியன் பக்கத்தில்.

"முழுக்கக் கறுப்பு வெள்ளையிலை எடுக்கேலுமோ, தம்பி?"

"ஓம் அன்ரி, வடிவாயிருக்கும். ஆனா சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாத்தான் விழும். பிறகு கொம்பியூட்டரிலை மினைக்கெட்டுத்தான் பிரிச்சுக் காட்டவேணும்."

"மினைக்கெடாதேங்கோ."

பெடியன் அவரைப் பார்த்தான்.

"கனடாவிலை இருக்கிற மச்சாள் எனக்கெண்டு சிவப்புச் சீலை அனுப்பினவா. என்ரை தங்கச்சி ஆசைப்பட்டாள், குடுத்திட்டன். நான் பச்சைதான் உடுக்கப்போறன்."

"கலியாணத்தை மச்சாள் லைவிலை பார்ப்பா எண்டனீங்கள். அது கலரிலையெல்லோ போகும்?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு முள்ளியவளையிலை இன்ரநெற் வேலை செய்யாது, தம்பி."