4.16 முதல் 4.36 வரை

கல். ஜன்னல் கண்ணாடி சிதறுகிறது. அடுத்த கல் கதவில். பலகை அதிர்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். 4.24. இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

1986. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. நரிக்குடிக்குத் தெற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். நான் அங்கே நர்ஸ். டாக்டர் ஒரு கூட்டத்துக்காக அருப்புக்கோட்டை போயிருந்தார். அறைக்குள் நான்கு பேர் இருந்தோம். மேஜையில் கருப்பையா. விறகு வெட்டப் போன இடத்தில் விரியன் கடித்திருந்தது. முழங்கால் வரை வீக்கம். மயங்கியிருந்தார். ஆயா பேச்சியம்மா. பரிசோதனைக்கு வந்திருந்த முத்துலட்சுமி. தலைப்பிரசவம், எட்டு மாதம். வெளியே கருப்பையாவை மாட்டுவண்டியில் கொண்டுவந்தவர்கள். முதலில் ஆறு பேர். இப்போது எண்ண முடியவில்லை.

அப்போது கண்ணாடி சிரிஞ்சுதான். ஒருவருக்குப் போட்டதை இருபது நிமிடம் கொதிக்கவைத்தால்தான் அடுத்தவருக்குப் போடலாம். காலையில் கொதிக்கவைத்தவை தடுப்பூசிக்குத் தீர்ந்திருந்தன. ஆடிக் காற்றில் மண்ணெண்ணெய் அடுப்பு நிற்காது. அதனால் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டே பற்றவைப்போம். தினமும் அப்படித்தான். அன்றும் உறவினர்களை வெளியே அனுப்பித் தாழ் போட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. அது என் பிழை. 4.16க்குத் தண்ணீர் கொதித்தது. புகை ஜன்னல் இடுக்கு வழியே வெளியே போயிருக்கிறது.

"ஆளு சாகக் கெடக்கான். உள்ள அடுப்பப் பத்தவச்சுக் காப்பி போடுறாளுக!" கருப்பையாவின் அண்ணன் சோலையின் குரல்.

பேச்சியம்மா உடைந்த ஜன்னலுக்குப் போனாள். அதே ஊர்க்காரி. "ஏலே சோலை, காப்பி இல்லலே! ஊசி கொதிக்குது! ஒன் தம்பிக்குத்தாம்லே!"

"ஊசிய வேக வைக்கிறாளாம்டா! சீனி போதுமான்னு கேளு!" கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு. அடுத்த கல் அவள் இடது கண்ணில் விழுந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

4.27. உள்ளே காற்று. சுடர் சாய்கிறது. அணைந்தால் மறுபடி முதலிலிருந்து. முத்துலட்சுமி எழுகிறாள். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்காருகிறாள். முதுகு ஜன்னலுக்கு. கைகள் வயிற்றில். சுடர் நிமிர்கிறது. ஒரு கல் அவள் தோளில் பட்டது. "அக்கா, நீங்க மணியப் பாருங்க" என்றாள்.

கருப்பையாவின் ஈறில் ரத்தம் கசிந்தது. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். பாத்திரத்தின் மூடி தடதடத்தது. கதவும் தடதடத்தது. வேறு வழி இல்லாத அறை அது.

4.36. விஷமுறிவு மருந்தைக் கரைத்தேன். நரம்பில் மெதுவாக ஏற்றினேன். வேகமாக ஏற்றக்கூடாது. 4.49க்குக் கதவு விழுந்தது. என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அலமாரியைக் கவிழ்த்தார்கள். என் வலது மணிக்கட்டை மிதித்தது யார் என்று தெரியாது. செருப்பு டயர் செருப்பு.

"தண்ணி" என்றார் கருப்பையா, மேஜையிலிருந்து.

கைகள் நின்றன. ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள்.

புகார் வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து சொன்னார்கள். "பயபுள்ளைக பதட்டத்துல செஞ்சுட்டாக, தாயி." நான் மாறுதல் கேட்டேன். பதினாறாம் நாள் கிடைத்தது. முத்துலட்சுமியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என் இடத்துக்கு யாரும் வரவில்லை.

புரட்டாசியில் பேச்சியம்மா பஸ் ஏறி வந்து மீதியைச் சொன்னாள்.

கணக்கு இது. கண்ணாடி சிரிஞ்சு ஒன்பது. கதவு ஒன்று. பேச்சியம்மாவின் இடது கண். என் வலது மணிக்கட்டு. மருந்து பாட்டிலின் மூடியை அது இன்றும் திருகாது. தாழிட்ட அறையில் தூக்கம் வராது. கருப்பையா பிழைத்துக்கொண்டார்.

முத்துலட்சுமி, வயது இருபத்தொன்று. ஆவணிக் கடைசியில் வலி கண்டது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் இல்லை. திருச்சுழிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே பிரசவம். ரத்தம் நிற்கவில்லை. பிள்ளை இருக்கிறது. அவள் இல்லை.

அவளுடைய பிரசவத் தேதியை நோட்டில் எழுதியது நான். இரண்டு நாள்தான் தப்பியிருந்தது.